நாய்க்கு ஒரு டாக்டர் கடிதம்

டெக்சாஸில் இருக்கும் என் அக்கா மகன் புது அபார்ட்மெண்டுக்குப் போகும்போது வாடகை ஒப்பந்தத்தை எனக்கு அனுப்பி, "மாமா, ஒரு தடவை பாத்துடுங்க" என்றான். முப்பது பக்கத்துக்கு மேல். லோன் டாக்குமெண்ட் படித்துப் படித்துப் பழகிய கண் என்பதால் இதில் எனக்கு ஓர் அல்ப சந்தோஷம். நாய், பூனை வைத்துக் கொள்வதற்கென்றே தனியாக ஓர் இணைப்பு இருந்தது. திரும்பக் கிடைக்கும் டெபாசிட் ஒன்று, திரும்பக் கிடைக்காத கட்டணம் ஒன்று, அது போக மாதா மாதம் 'பெட் ரெண்ட்' வேறு. அடியில் ஒரே ஒரு வரி: உடல் அல்லது மனக் குறைபாட்டால் ஒருவருக்குத் தேவைப்படும் உதவிப் பிராணிக்கு மேற்படி டெபாசிட், கட்டணம் எதுவும் கிடையாது.

அவனிடம் நாயும் இல்லை, பூனையும் இல்லை. ஆனால் எனக்கு அந்த வரி மண்டையைக் குடைந்தது. காசு விஷயத்தில் இவ்வளவு கறாராக எழுதும் கம்பெனி, ஒரு வரியில் எல்லாவற்றையும் விட்டுக் கொடுக்கிறது என்றால் பின்னால் ஒரு சட்டம் இருக்க வேண்டும். சட்டம் இருந்தால், அதற்காக யாரோ சண்டை போட்டிருக்க வேண்டும். தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். காபியோடு உட்காரவும்.

முதலில் வார்த்தை. 'எமோஷனல் சப்போர்ட் அனிமல்' என்பதை மனத்துணைப் பிராணி என்று சொல்லிக் கொள்கிறேன். (இதைவிட நல்ல சொல் தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் தரவும்.) பார்வையற்றவரை ரோடு கடக்க வைக்கும் நாய் போல இதற்குப் பயிற்சி கிடையாது. எந்த வேலையும் தெரிந்திருக்க வேண்டாம், கூட இருந்தாலே போதும். கடுமையான மனச்சோர்வோ பதற்ற நோயோ உள்ள ஒருவர், அது பக்கத்தில் இருப்பதால் படுக்கையை விட்டு எழுந்து அன்றைய நாளை ஓட்ட முடிகிறது என்றால் அது மனத்துணைப் பிராணி. நாயாக இருக்கலாம், பூனையாக இருக்கலாம், பறவையாகவும் இருக்கலாம்.

இந்தக் கதையின் தொடக்கம் வழிகாட்டி நாய். முதல் உலகப் போரில் கண்ணிழந்த சிப்பாய்களுக்காக ஜெர்மனியில் நாய்களைப் பழக்கினார்கள். அதைப் பார்த்து டோரதி யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1927-ல் ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார். நாஷ்வில் ஊரைச் சேர்ந்த மாரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற இளைஞர் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, அந்த அம்மாள் நாய் பழக்கிக் கொண்டிருந்த சுவிட்சர்லாந்துக்கே போய், 1928-ல் பட்டி என்ற நாயோடு ஊர் திரும்பினார். (ஆங்கிலத்தில் தோழன் என்று அர்த்தம். தமிழ் எழுத்தில் எழுதினால் மலையாளத்து நாயாகி விடுகிறது, பொருத்தம்தான்.) 1929-ல் 'தி சீயிங் ஐ' என்ற பயிற்சி நிறுவனம் தொடங்கியது. ரயிலிலும் ஹோட்டலிலும் நாயோடு ஏற விடாதவர்களிடம் ஃபிராங்க் வருடக்கணக்காகப் போராடினார். மாநிலம் மாநிலமாகச் சட்டம் வந்தது. அங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கண் தெரியாதது எல்லோருக்கும் தெரிகிறது, நாய் செய்யும் வேலையும் தெரிகிறது.

மனசு விஷயம் அப்படி வெளியே தெரிவதில்லை. நியூயார்க்கில் போரிஸ் லெவின்சன் என்ற குழந்தை மனநல நிபுணர் இருந்தார். யாரிடமும் வாய் திறக்காத ஒரு பையன், அவர் வளர்த்த ஜிங்கிள்ஸ் என்ற நாயோடு மட்டும் ஒட்டிக் கொண்டான். நாய் வழியாக டாக்டரிடமும் மெல்லப் பேசத் தொடங்கினான். 1961-ல் இதை ஒரு மாநாட்டில் லெவின்சன் சொன்னபோது கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். மறு வருடம் அதையே கட்டுரையாக எழுதினார், நாயைத் 'துணை வைத்தியர்' என்று தலைப்பிலேயே போட்டு.

1980-ல் எரிகா ஃபிரீட்மன் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாரடைப்பு போன்ற இதயக் கோளாறுகளால் தீவிர சிகிச்சைக்கு வந்து வீடு திரும்பிய 92 பேரை ஒரு வருடம் கவனித்தார்கள். வீட்டில் பிராணி வளர்த்த 53 பேரில் 3 பேர் இறந்திருந்தார்கள். வளர்க்காத 39 பேரில் 11 பேர். சின்ன எண்ணிக்கை, இதை வைத்து நாய்தான் உயிரைக் காப்பாற்றியது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் செல்லப் பிராணி என்பது வெறும் பொழுதுபோக்கு என்ற பேச்சு இதற்குப் பிறகு அவ்வளவு சுலபமாக எடுபடவில்லை.

அதே காலத்தில் வாடகை வீடுகளில் 'நோ பெட்ஸ்' விதி வழக்கமான ஒன்றாக இருந்தது. வீட்டு ஓனர் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். கார்ப்பெட்டில் மூத்திர வாடை, பிராண்டிய கதவு, இரவெல்லாம் குரைப்பு, பக்கத்து வீட்டுக்காரர் புகார், கடித்தால் நஷ்ட ஈடு. எல்லாமே நிஜமான செலவுகள். ஆனால் அரசு உதவி பெறும் கட்டிடங்களிலும் இதே விதி இருந்ததால், மனைவி போய், பிள்ளைகள் வேறு ஊரில் இருந்து, பத்து வருடமாகப் பழகிய நாய் மட்டும் மிச்சம் என்ற நிலையில் இருந்த கிழவர்கள், வீடா நாயா என்று தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது.

1983-ல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று மத்திய அரசுடையது. அரசு உதவியோடு முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கட்டிய வாடகைக் குடியிருப்புகளில், வழக்கமான வீட்டுப் பிராணி வளர்ப்பதைத் தடை செய்யக் கூடாது என்றது. குட்டி எவ்வளவு பெரிசு, எத்தனை வைத்துக் கொள்ளலாம், டெபாசிட் எவ்வளவு என்பதற்கெல்லாம் நியாயமான விதி போடலாம்.

இன்னொன்று நியூயார்க் நகரத்தின் சட்டம். இது எனக்கு ரொம்பப் பிடித்தது. அங்கே ஓனர்கள் ஒரு தந்திரம் செய்து வந்தார்கள். வாடகைக்காரர் நாய் வளர்ப்பது தெரிந்தும் வருடக்கணக்காகச் சும்மா இருப்பது. பிறகு வேறு ஏதோ காரணத்துக்கு அவரைக் காலி செய்ய வைக்க வேண்டும் என்றால், ஒப்பந்தத்தில் தூங்கிக் கொண்டிருந்த 'நோ பெட்ஸ்' வரியைத் தட்டி எழுப்புவது. வாடகைக் கட்டுப்பாடு உள்ள ஊரில் பழைய வாடகைக்காரர் போனால் லாபம்தானே. நகர சபை சொன்னது: மூன்று மாதம் ஒளிவு மறைவில்லாமல் பிராணி வளர்த்து, அது ஓனருக்கோ அவருடைய ஆட்களுக்கோ தெரிந்தும் கோர்ட்டுக்குப் போகவில்லை என்றால், அந்த வரி செல்லாது. மூன்றோ அதற்கு மேலோ வீடுகள் உள்ள கட்டிடங்களுக்குப் பொதுவாக இது பொருந்தும்.

மூன்றாவது பாதை கோர்ட் வழியாக வந்தது. 1973-ல் வந்த புனர்வாழ்வுச் சட்டத்தின் 504-வது பிரிவு, மத்திய அரசுப் பணம் வாங்கும் எந்தத் திட்டமும் மாற்றுத்திறனாளிகளைப் பாகுபடுத்தக் கூடாது என்றது. ஜார்ஜியா மாநிலத்தில் டிகால்ப் கவுண்டியின் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் ஒரு பெண்மணி இருந்தார். மனநோய் உள்ளவர், ஒரு பூடில் நாய் வைத்திருந்தார். நாயை அனுப்பு என்றது வாரியம். அனுப்பினால் என் உடல்நிலை கெடும் என்றார் அவர். கீழ்க் கோர்ட் விசாரிக்காமலே வாரியத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1981-ல் அப்பீல் கோர்ட் அதை ரத்து செய்து, அவர் சொல்வது நிஜமா என்று விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்பியது. இன்றைய மனத்துணைப் பிராணிச் சட்டத்தின் விதை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தத் தீர்ப்பு நாய்க்கு எந்த உரிமையும் தரவில்லை. நோயாளியின் சொல்லை விசாரிக்காமல் ஒதுக்கக் கூடாது என்று மட்டும் சொன்னது.

1988-ல் பெரிய மாற்றம். நியாய வீட்டு வசதிச் சட்டம் 1968-ல், மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில் கையெழுத்தான சட்டம். நிறம், இனம், மதம் பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்பதற்காக வந்தது. இருபது வருடம் கழித்து அதில் மாற்றுத்திறனாளிகளையும், குழந்தைகள் உள்ள குடும்பங்களையும் சேர்த்தார்கள். 1989 மார்ச்சில் அமலுக்கு வந்தது. குறைபாடு உள்ளவர் மற்றவர் போலவே வீட்டை அனுபவிக்க, விதிகளில் நியாயமான விலக்கு தேவைப்பட்டால் அதை மறுப்பதும் பாகுபாடு என்று ஒரு வாசகம் சேர்ந்தது. பழைய 504-வது பிரிவு அரசுப் பணம் வாங்கியவரை மட்டும்தான் கட்டுப்படுத்தியது, இது தனியார் ஓனரையும் பிடித்தது.

பி.காம். படித்தவர்களுக்கு இதன் கனம் புரியும். இரண்டு பேர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் அது அவர்களுக்குள் சட்டம் என்றுதான் நமக்கு வணிகச் சட்டத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே, கையெழுத்துப் போட்டவரே நாளைக்கு வந்து "இந்த விதியில் எனக்கு மட்டும் விலக்கு வேண்டும்" என்று கேட்கலாம். காரணம் நியாயமாக இருந்தால் ஓனர் தந்தாக வேண்டும். (நம்ம ஊர் போல ஓனர் மாடியில், வாடகைக்காரர் கீழே என்று நாலு வீட்டுக்குள் அடங்கும் கட்டிடங்களுக்குப் பொதுவாக விதிவிலக்கு உண்டு.) இந்த ஏற்பாட்டில் வரும் பிராணி சட்டத்தின் கண்ணில் 'பெட்' கிடையாது. அதனால்தான் மேலே சொன்ன ஒப்பந்தத்தில் டெபாசிட்டும் பெட் ரெண்டும் பொருந்தாமல் போயின. சேதம் செய்தால் மட்டும் வாடகைக்காரர் காசு கொடுக்க வேண்டும்.

அடுத்த இருபது வருடம் கோர்ட்டுகளில் ஓடியது. 1991-ல் ராச்செஸ்டரில் பதற்ற நோய்க்காரர் ஒருவரின் பூனை. பூனை தேவையா இல்லையா என்பது விசாரித்து முடிவு செய்ய வேண்டியது என்றார் நீதிபதி, இரு தரப்புக்கும் உடனடித் தீர்ப்பு மறுத்து. 1995-ல் விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் காது கேளாத இரண்டு பெண்களின் நாய். "இது பழக்கிய நாயே இல்லை, பள்ளிக்கூட சர்டிபிகேட் எங்கே" என்றார் ஓனர். அப்படி ஒரு சர்டிபிகேட்டை மத்திய சட்டம் கேட்கவில்லை என்று அப்பீல் கோர்ட் மறு விசாரணைக்கு அனுப்பியது. 2004-ல் கலிபோர்னியாவில் மனச்சோர்வால் அவதிப்பட்ட ஒரு தம்பதியின் சின்ன டெரியர். மாநிலச் சட்டத்தின் கீழ் நடந்த அந்த வழக்கில், நாய் எந்த வித்தையும் கற்றிருக்க வேண்டாம், அதன் இயல்பான ஒட்டுதலே அங்கே மருந்து என்ற வாதம் வென்றது.

இதில் கல்லூரி ஹாஸ்டலும் சேர்ந்து கொண்டது. நெப்ராஸ்காவின் கியர்னி நகரில் பல்கலைக்கழகக் குடியிருப்பில் ஒரு மாணவிக்கு நாய் மறுக்கப்பட, ஹாஸ்டல் ஒரு வீடா என்ற கேள்வி வந்தது. வீடுதான் என்று 2013-ல் கோர்ட் சொன்னது. 2015-ல் பல்கலைக்கழகம் 1,40,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்து கொண்டது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்து விடுகிறேன். அமெரிக்காவில் இதற்கு ஒரே சட்டம் கிடையாது, இடத்துக்கு இடம் மாறும். கடை, ஓட்டல், ஆஸ்பத்திரி போன்ற பொது இடங்களுக்கு 1990-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டம். 2011 மார்ச்சில் அமலான விதிப்படி அங்கே வேலை பழகிய நாய்க்கு மட்டும்தான் அனுமதி (சில சமயம் குட்டைக் குதிரைக்கும்!). மனத்துணைப் பிராணிக்கு இல்லை. விமானத்துக்கு வேறு சட்டம், அதில் மனத்துணைப் பிராணிக்கு ரொம்ப நாள் இடம் இருந்தது. வீட்டுக்கு மேலே சொன்ன 1988 திருத்தம். கடைக்குள் வராத நாய் வீட்டுக்குள் இருக்கலாம். யோசித்தால் சரிதான். கடையில் அரை மணி நேரம், வீட்டில்தான் ராத்திரி முழுக்கத் தனியாகப் படுத்திருக்க வேண்டும்.

சரி, எல்லாம் நல்லபடியாகப் போனது என்று முடித்திருந்தால் சந்தோஷம். நடுவில் இன்டர்நெட் வந்தது.

தேவைக்கு அத்தாட்சி என்ன? டாக்டரோ மனநல ஆலோசகரோ தரும் ஒரு கடிதம். கடிதத்துக்கு மதிப்பு வந்தவுடன் அதை விற்க ஆள் வந்தார்கள். இணையத்தில் பத்துக் கேள்விக்கு டிக் அடித்து, கிரெடிட் கார்டு நம்பர் கொடுத்தால், முகம் பார்க்காத ஒருவர் கையெழுத்துப் போட்ட கடிதம் வரும். கூடவே நாய்க்கு மேலங்கி, அடையாள அட்டை, 'தேசியப் பதிவேட்டில்' ஒரு எண். அப்படி ஓர் அரசுப் பதிவேடே கிடையாது என்பது வேறு விஷயம். பெட் ரெண்ட் மாதா மாதம் கட்டுவதைவிட இந்தக் கடிதம் மலிவு. கணக்குத் தெரிந்தவர்கள் கடிதம் வாங்கினார்கள்.

2018 ஜனவரியில் நியூவார்க் விமான நிலையத்தில் ஒருவர் மயிலோடு வந்து நின்றார். மனத்துணை மயில். விமானக் கம்பெனி ஏற்ற மறுத்தது. படம் உலகம் முழுக்கச் சுற்றியது, எல்லோரும் சிரித்தார்கள். 2020 டிசம்பரில் போக்குவரத்துத் துறை விதியை மாற்றியது. 2021 ஜனவரியிலிருந்து மனத்துணைப் பிராணியைச் சாதாரணப் பிராணியாகவே விமானக் கம்பெனிகள் நடத்தலாம். அந்தக் கதவு மூடி விட்டது.

வீட்டுக் கதவு மூடவில்லை, ஆனால் காவல் கூடியது. மத்திய வீட்டு வசதித் துறை 2020 ஜனவரியில் ஒரு நீண்ட வழிகாட்டுக் குறிப்பு வெளியிட்டது. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த புகார்களில் ஏறக்குறைய 60 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கோ வசதியோ மறுத்தது பற்றியவை என்றும், அதில் பிராணி வழக்குகள் ஏறிக் கொண்டே போகின்றன என்றும் அதில் இருந்தது. காசு வாங்கிக் கொண்டு இணையத்தில் தரும் சர்டிபிகேட் மட்டும் போதாது என்றது. நாய், பூனை, முயல், ஆமை சரி. குரங்கு, கங்காரு என்றால் கூடுதல் காரணம் காட்ட வேண்டும். (கங்காரு என்று நிஜமாகவே எழுதியிருக்கிறார்கள்.) அதே வருடம் ஃபிளாரிடா, பொய்க் காரணம் காட்டுவதைக் குற்றமாக்கியது. 2022-லிருந்து கலிபோர்னியாவில், நாய்க்குக் கடிதம் தரும் மருத்துவருக்கு அந்த நோயாளியோடு 30 நாளாவது பழக்கம் இருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் வீட்டு வசதித் துறை தன்னுடைய 2020 குறிப்பையே விலக்கிக் கொண்டது. 1988-ன் வாசகம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆபீசில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் இது தெரிந்த கதை. மெடிக்கல் லீவ் சர்டிபிகேட்! தங்கை கல்யாணத்துக்கும் வைரல் ஜுரம், மார்ச் மாதக் கணக்கு முடிப்புக்கு முதல் நாளும் வைரல் ஜுரம். பத்துப் பேர் இப்படி வாங்கிய பிறகு, பதினோராவது ஆள் நிஜமாகவே முதுகுத் தண்டு பிசகிப் படுத்திருந்தாலும் மேனேஜர் புருவத்தைத் தூக்குவார். பொய்க் காகிதம் வாங்கிய பத்துப் பேருக்கு நஷ்டமில்லை, பதினோராவது ஆள்தான் அதன் விலையைக் கட்டுகிறார். அமெரிக்காவிலும் அதுதான் நடந்தது. கால் இல்லாதவரை யாரும் சந்தேகப்படப் போவதில்லை. வெளியே ஒன்றும் தெரியாமல், உள்ளே தற்கொலை எண்ணத்தோடு மல்லுக்கட்டுகிறவர், பூனையை வைத்துக் கொள்ள அனுமதி கேட்டு நிற்கும்போது ஓனர் மனசில் மயில் படம்தான் ஓடும்.

ஆனால் பொய்க் கடிதம் வாங்கியவர்களைத் திட்டி முடித்து விட எனக்கு மனசு வரவில்லை. ஏன் வாங்கினார்கள்? பெரும்பாலானோர் கங்காரு வளர்க்கவில்லை. ஒரு சாதாரண நாயோடு ஒரு சாதாரண வாடகை வீட்டில் இருக்க ஆசைப்பட்டார்கள். முன் கதவைச் சாத்தி வைத்ததால், நோயாளிக்காகத் திறந்த பக்கக் கதவில் கூட்டம் சேர்ந்து விட்டது.

முன் கதவைத் திறந்து வைத்த ஊர்களும் உண்டு. பிரான்சில் 1970 ஜூலைச் சட்டத்தின்படி, குடியிருக்கும் வீட்டில் செல்லப் பிராணி கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதினால், எழுதவே இல்லை என்று அர்த்தம் (ஆபத்தான இன நாய்களைத் தடுக்கலாம்). கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 2006-ன் வாடகைச் சட்டமும் அந்த வரியைச் செல்லாததாக்கியது. ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம், அச்சடித்த ஒப்பந்தங்களில் நாய், பூனைக்கு ஒட்டுமொத்தத் தடை போட முடியாது, அந்தந்த வீட்டு நிலைமையைப் பார்க்க வேண்டும் என்று 2013-ல் சொன்னது. பிராணி தொல்லை கொடுத்தால் நடவடிக்கை எடுக்க எல்லா ஊரிலும் வழி இருக்கிறது. அங்கெல்லாம் நாய் வைத்துக் கொள்வதற்கு மட்டும் யாரும் தன்னை நோயாளி என்று நிரூபிக்க வேண்டியதில்லை.

இந்தியாவில்? நான் இருக்கும் பரோடாவில் வாடகை வீடு தேடினால் முதல் கேள்வி முட்டை சாப்பிடுவீர்களா என்பதுதான், நாய் அப்புறம். விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், குடியிருப்போர் சங்கங்கள் நாயைத் தடை செய்ய முடியாது என்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2021-ல் அப்படிப்பட்ட சங்க விதிகள் செல்லாது என்றது. ஆனால் இவை சங்கத்துக்கும் குடியிருப்பவருக்கும் நடுவில் உள்ள சமாசாரம். வீட்டு ஓனர் ஒப்பந்தத்தில் எழுதும் வரியை இவை தொடுவதில்லை. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 'நியாயமான விலக்கு' என்ற அதே கருத்து வந்து விட்டது, மனநோயும் அதில் சேர்த்தி. ஆனால் வாடகை வீட்டையும் பிராணியையும் சேர்த்து அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

பத்து மாடி அபார்ட்மெண்ட், பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் ஒரு ஆளும் ஒரு நாயும் என்ற நிலை நம் ஊர்களிலும் வந்தாயிற்று. நாளைக்கு ஒரு டிகால்ப் பெண்மணி இங்கேயும் கோர்ட் படி ஏறுவார். அன்றைக்கு நம் ஆட்கள் சட்டம் எழுத உட்கார்ந்தால், பக்கக் கதவை மட்டும் திறந்து விட்டு அதில் ஒரு சர்டிபிகேட் கவுண்டர் வைக்காமல் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. நம் ஊரில் சர்டிபிகேட் கவுண்டர் என்னவாகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வெளிநாட்டில் வாடகை வீட்டில் நாய், பூனை வளர்க்கும் நண்பர்கள் உங்கள் ஊர் நடைமுறையைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். வீட்டு ஓனர்களும் எழுதலாம், கார்ப்பெட் கணக்கோடு.